அயினி மரத்துக் கூடு

அந்த நாற்காலி வேண்டாம் சாறே, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. வெயிலுல வந்திருக்கிய, கொஞ்சம் காத்து வாங்குங்க. அவசரம் என்ன? அவங்க எங்கயும் ஓடிப் போயிர மாட்டாவ.

நல்ல காலம், நீங்க பஸ்ஸ விட்டு இறங்கி கடையில வழி கேட்டப்ப நான் அங்கன பீடி வாங்கிட்டு நின்னேன். இல்லன்னா நேரா பெண்ணு வீட்டுக்கில்லா போயிருப்பிய? முறுக்கத் தின்னு, காப்பியக் குடிச்சு, பெண்ணுக்க முகத்தப் பாத்து, சரின்னு ஒரு வாக்கும் சொல்லிட்டுப் போயிருப்பிய. முகத்துல என்ன இருக்கு சாறே? முகத்துல ஒண்ணும் இருக்காது. நீங்க பள்ளிக்கூடத்துல எத்தன முகம் பாத்திருப்பிய.

நான் அந்தப் பெண்ணுக்கு சொந்தச் சித்தப்பன். அவளுக்க அப்பன் ஏசுவடியானும் நானும் ஒரு வயித்துல பொறந்தவங்க. எனக்குப் பேரு தவசிமுத்து, சபையில கேட்டுப் பாருங்க, கமிட்டியில இருக்கேன். அந்தா வேலிக்கு அந்தப்பக்கம் ஓட்டு வீடு தெரியுதுலா, அதுதான் வீடு. பெண்ணு பேரு பியூலா. தரகன் நல்லாத்தான் சொல்லியிருப்பான். படிச்ச பிள்ள, தேனீ வளக்குதா, நடக்க முடியாத அம்மையத் தனியாப் பாத்துக்கிடுதா. எல்லாம் உள்ளதுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க அக்கா மகனுக்கு வாழ்க்கையில்லா? உள்ளத உள்ளபடி சொல்லுதது சொந்தக்காரனுக்குக் கடமை. நான் மனசுல ஒண்ண வச்சு வெளிய ஒண்ணு பேசுத ஆளு இல்ல.

அந்த மரத்தப் பாருங்க. வேலிய ஒட்டி நிக்கே, அந்தப் பெரிய பலாச் சாதித் தடி. அயினி. எங்க அப்பன் வச்ச மரம். அப்பன் சாகதுக்கு முன்ன இந்த ரப்பர் விளைய ரெண்டா வகுந்து குடுத்தாரு. கிணறு எனக்கு வந்துது. ரோட்டு முகப்பு எனக்கு வந்துது. நல்ல பால் தாற ரப்பர் எல்லாம் எனக்க பக்கம். அண்ணன் தந்தத வாங்கிக்கிட்டான், அவன் வழக்குப் பேசாதவன். ஆனா கயிறு பிடிச்சு அளக்கும்போது அந்த அயினி ஒரு முழம் அந்தப்பக்கம் போச்சு. ஒரு முழம் சாறே! நான் கேட்டேன், அண்ணா, கயித்தக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்போமான்னு. அவன் சிரிச்சான். "மரம் எங்க நின்னா என்னடே, நிழலு ரெண்டு பேருக்கும்தானே விழுது"ன்னான். அந்தச் சிரிப்பு எனக்கு இப்பவும் ஓர்ம இருக்கு. அடுத்தவனுக்க பொருள எடுத்தவன் அப்படிச் சிரிப்பானா? சொல்லுங்க. எடுத்தவன் சிரிக்கவே பிடாது.

சரி, அவன் போயிட்டான். ரப்பர் வெட்டிட்டு வந்தவன் நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்தான், அவ்வளவுதான். பியூலா அப்ப நாகர்கோவில்ல படிச்சுட்டு இருந்தா. படிப்ப முடிச்சுட்டு வேலைக்குப் போவான்னு பாத்தா, வீட்டுல இருந்து அப்பனுக்க தேன்பெட்டியப் பாக்க ஆரம்பிச்சா. எனக்கும் பெட்டி உண்டு. இந்தப் பக்கம் பெட்டி இல்லாத வீடே கிடையாது. ரப்பர் இலை உதுத்துக் கொழுந்து விட்டா தேன் வழியும். ஈ வளத்துப் பிள்ளையப் படிக்க வச்சவன், வீட்டு வேலை முடிச்சவன், எத்தனையோ பேரு.

அப்பத்தான் அந்தச் சீக்கு வந்துது. கேட்டிருப்பிய. ஈக்குச் சீக்கு. தேனடைக்குள்ள இருக்க குஞ்சுப் புழு தண்ணி கோத்த பை மாதிரி வீங்கிச் செத்துப் போகும். ராணி முட்ட போடும், புழு சாகும், முட்ட போடும், சாகும். கிழட்டு ஈ ஒவ்வொண்ணாப் போய் முடிய, ஒருநாள் மூடியத் திறந்தா உள்ள வெறும் அடைதான் இருக்கும். எனக்க பெட்டியில ஈ எல்லாம் போச்சு. ஊருல எல்லாருக்கும் போச்சு. காலையில எந்திரிச்சா ஒரு இரைச்சல் கிடையாது. எனக்க பெஞ்சாதி பூசணி போட்டிருந்தா, பூவாப் பூத்துது, ஒரு காயி பிடிக்கல. அது என்ன தோஷமோ, அந்த வருஷம் எல்லாமே அப்படித்தான்.

இவ என்ன செய்தா தெரியுமா? பெட்டி எல்லாத்தையும் முற்றத்துல அடுக்கி மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்தினா. அப்பன் கையால இழைச்ச பெட்டி. நல்ல பலாப் பலகை. அம்மைக்காரி ரெத்தினபாய் நின்னு அழுதா. இவ, "சீக்கு பலகையில இருக்கும்மா, எரிச்சாத்தான் போகும்"னு சொல்லிட்டு நிக்கா. நான் எனக்க பெட்டிய எல்லாம் துடைச்சு ஷெட்டுல அடுக்கி வச்சேன். பலகைக்கும் எனக்கும் என்ன பகை? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவளுக்குப் பொருளோட மதிப்பு தெரியாதுன்னு. குடும்பத்துக்கு ஆகாத குணம் சாறே. மனசுல குறிச்சுக்கிடுங்க.

இப்பத்தான் விசயமே. எல்லாக் கூடும் செத்துப் போச்சுலா? அந்த அயினியில, ரெண்டாள் உயரத்துல ஒரு பொந்து உண்டு. அதுக்குள்ள ஒரு காட்டுக்கூடு. எத்தனையோ வருஷமா இருக்கு. அது சாகல. சாகாதது மட்டும் இல்ல, பொங்கிட்டு இருந்துது. சாயங்காலம் பொந்து வாசல்ல ஈ தாடி மாதிரித் தொங்கும். ஊரே செத்துக் கிடக்க, அங்க மட்டும் சீவன். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு பாத்துட்டே நிப்பேன். எங்க அப்பன் வச்ச மரம். ஒரு முழம்.

மரியாதையாத்தான் போய்க் கேட்டேன். பிள்ளே, அந்தக் கூட்ட நான் இறக்கிப் பெட்டியில வைக்கேன்னு. அவ என்ன சொன்னா கேளுங்க.

"இறக்கண்டாம் சித்தப்பா. உள்ள புது ராணி வளருத அறை, ராணியறை, தொங்க ஆரம்பிச்சாச்சு. கொழுந்து முத்துததுக்குள்ள கூடு அதுவே ரெண்டாப் பிரியும். பிரிஞ்சு கொப்புல வந்து தொங்கும்போது பதனமா பெட்டியில வாங்குவோம். மொதப் பெட்டி உங்களுக்கு. அடுத்தது மேல வீட்டு மாமாவுக்கு. ஊருல எல்லாருக்கும் இதுல இருந்துதான் வரணும். தாய்க்கூட்ட மட்டும் யாரும் தொடண்டாம்."

மொதப் பெட்டி எனக்காம். எப்படி? எனக்க அப்பன் வச்ச மரத்துல இருந்து எனக்கு ஒரு பெட்டி தாறாளாம். தருமம் குடுக்கா. அவ பிறக்கதுக்கு முன்ன அந்த மரத்துல ஏறினவன் நான். திரும்பி வந்துட்டேன்.

என்ன கேட்டிய? ராணியறை பொந்துக்குள்ள இருக்கது அவளுக்கு எப்படித் தெரியும்னா? அதுதான! நீங்க படிச்சவரு, சரியாப் பிடிச்சிய. ஏணி வச்சு ஏறி, கைக்கண்ணாடிய உள்ள நீட்டி, டார்ச் அடிச்சுப் பாப்பா. கல்யாணத்துக்கு நிக்க பெண்ணு. சரி, தனியா ஏறினாலும் போகட்டும். சர்க்காரு பண்ணை ஆபீசுல இருந்து ஒருத்தன் வர ஆரம்பிச்சான். இளவழகன்னு பேரு. நம்ம சபையும் இல்ல, நம்ம சனமும் இல்ல, கடலூர்ப் பக்கத்துக்காரன். சீக்கு தாங்கின கூடு இருக்குன்னு இவதான் ஆபீசுக்குச் சொல்லி விட்டிருக்கா. பைக்குல வருவான். அவன் ஏணியப் பிடிக்க இவ ஏறுவா. இவ பிடிக்க அவன் ஏறுவான். செத்த ஈயப் பொறுக்கிக் குப்பியில போடுவான். அம்மைக்காரி காப்பி கொண்டு குடுப்பா. முற்றத்துல நின்னு குடிச்சுட்டுப் போவான். வீட்டுக்குள்ள காலு வச்சு நான் பாக்கல, அதையும் சொல்லணும்லா. இல்லாதத நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பயம் வந்துட்டு. அவன் ஆபீசுக்கு எழுதி, இந்த மரத்துல யாரும் கை வைக்கப்பிடாதுன்னு ஒரு போர்டக் கொண்டு அடிச்சான்னா? பிறகு என்ன செய்ய? இல்ல, அது பிறகுள்ள காரியம். மொதல்ல குடும்ப மானந்தான. அண்ணன் இல்லாத வீடு. நான் கேக்காம யாரு கேப்பா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு நாலு பேரு நிக்கும்போது சொன்னேன். ஒரே ஒரு வார்த்ததான் சாறே. "ஏணிய அவன் பிடிக்கான், இவ ஏறுதா." அவ்வளவுதான். மிச்சத்த அவங்களே சொல்லிக்கிட்டாவ. அதுக்கு நான் பொறுப்பா? அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்துல பேச்சு, அதுக்கு அடுத்து கமிட்டியில பேச்சு. போதகரு ரெத்தினபாயையும் மகளையும் கூப்பிட்டு விசாரிச்சாரு. பியூலா நேரா நின்னு சொன்னாளாம், "கூட்டப் பாக்கத்தான் வந்தாரு அய்யா. வேணும்னா நீங்களும் வந்து பாருங்க"ன்னு. போதகருக்கிட்டப் பேசுத பேச்சா அது? வேற பெண்ணா இருந்தா அழுதிருக்கும். அழுதிருந்தா எல்லாரும் விட்டிருப்பாவ.

அந்தப் பய பிறகு வரல. ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சாம், யாரு போட்டாவளோ. அவனத் தூரமாத் தூக்கி அடிச்சுட்டாவ.

ரெத்தினபாய் சர்ச்சு முற்றத்துல வச்சு, அத்தன சனத்துக்கு முன்ன, எனக்க பக்கத்துல வந்தா. "தம்பி, நீங்களா சொன்னிய?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லதுக்கு முன்னால ஒரு பக்கமா வாயி கோணிச்சு. அப்படியே மண்ணுல இருந்துட்டா. அவளுக்குப் பிரஷர் உண்டு, முன்னமே உண்டு, மாத்திரைய ஒழுங்காத் தின்ன மாட்டா. நான்தான் தூக்கிக் கார்ல போட்டேன். அதயும் யாரும் சொல்ல மாட்டாவ.

ஆஸ்பத்திரிக்குப் போகுத அவசரத்துல, வேற ஆளு இல்லாம, பியூலா எனக்க கையில சாவியத் தந்தா. "வீட்டப் பாத்துக்கிடுங்க சித்தப்பா"ன்னா. வீட்டப் பாத்துக்கிடுங்கன்னா என்ன அர்த்தம்? வீடு, விளை, மரம், எல்லாந்தான. நான் அப்படித்தான் எடுத்தேன்.

இனி தாமசிச்சா கூடு பிரிஞ்சுரும். பிரிஞ்சு எவன் விளையில போய்த் தொங்குமோ. அதனால பொன்னையன் இருக்கான்லா, நமக்கு ரப்பர் வெட்டுதவன், அவனக் கூட்டிட்டு வெயில் தாழ்ந்த நேரம் போனேன். கோடாலி, உளி, புகை போடத் தேங்காத் தொண்டு, வாழ நாரு, ஒரு பெட்டி. பெட்டி நம்ம ஷெட்டுல இருந்ததுதான்.

ஏணி அவளுக்க ஏணி. அதச் சாத்தி ஏறித் தொண்டப் பத்த வச்சுப் புகைய உள்ள விட்டேன். உள்ள இருந்து ஒரு இரைச்சல் வந்துது பாருங்க, கடல் மாதிரி. பொந்து வாயி சின்னது, கை போகாது. உளிய வச்சு வெட்டினேன். வெட்ட வெட்ட மரம் பாலா வடியுது. அயினிப் பாலு கையில ஒட்டினா போகாது, அதுல ஈ வந்து வந்து ஒட்டுது. முகத்துலயும் கழுத்துலயும் நல்லாக் கொட்டு வாங்கினேன். பொன்னையன் கீழ நின்னு, "மொதலாளி, போதும், விட்டுருவோம்"னான். பயந்தாங்கொள்ளி. வாயி பெருசானதும் உள்ள பாத்தேன். அப்பப்பா! பலகை பலகையா அடை. கிழடு கறுத்தது ஒரு பக்கம், புது வெள்ளை ஒரு பக்கம். நடுவுல புழு, ஒண்ணு கூட வீங்கல. முத்து முத்தா, பால் மாதிரி. நான் அப்படி ஒரு சுத்தமான கூட்ட அந்த வருஷம் பாக்கல.

ஒவ்வொண்ணா அறுத்து இறக்கினேன். புழு இருக்க அடைய பெட்டிச் சட்டத்துல வச்சு வாழ நாரால கெட்டினோம். சட்டத்துல கொள்ளாதத அறுத்து எறிஞ்சேன், எங்க கோழி ஓடி வந்து புழுவ எல்லாம் கொத்திக் கொத்தித் தின்னுது. அடியில ராணியறை தொங்குது, நிலக்கடலை மாதிரி. அவ சொன்னது சரிதான், பிரியதுக்குத்தான் கெட்டியிருக்கு. ஒவ்வொண்ணா நசுக்கிப் போட்டேன். ஒரு பெட்டிக்கு ஒரு ராணி போதும். எல்லாரு வீட்டுக்கும் குடுத்துட்டு நான் என்ன செய்யதுக்கு?

தாய் ராணி ஓடி மரத்துக்க உள்ளக் கோடியில போய் இருந்துட்டு. தோள் வர கைய விட்டுத் துழாவினேன். ஈ எல்லாம் கூடிப் பந்து மாதிரி மூடிட்டு இருக்கு. அதப் பிய்க்கப் பிய்க்க மறுபடி வந்து மூடுது. கடைசியில பிடிச்சேன். வெரலுக்கு நடுவுல கிடந்து துடிக்கு. எனக்க மகளுக்க தையல் கத்திரி கொண்டு போயிருந்தேன், ரெண்டு இறக்கையையும் அடியோட அறுத்துட்டேன். பாதி அறுத்தாப் போதும், பறக்காதுன்னு சொல்லுவாவ. எனக்குப் பாதியில நம்பிக்க கிடையாது.

ராணியப் பெட்டியில விட்டு, வாசல்ல, ராணி போகாம ஈ மட்டும் போகுத ஓட்டைத் தகரம் அடிச்சாச்சு. வெளிய பறந்து போன ஈ திரும்பி வந்து மரத்தத்தான் சுத்துது. பெட்டி கீழ இருக்கு, ராணி உள்ள இருக்கு, வாசம் வருதுலா? பாதி பெட்டிக்கு வந்துது. பாதி வரல. வெட்டின வாயிலயே ஒட்டிட்டு நிக்கு. புகை போட்டாலும் போகல. ஓலைச் சூட்டுப் பந்தம் கெட்டிப் பத்த வச்சுக் காட்டினேன். பொடபொடன்னு பொரிஞ்சு விழுந்துது. மிச்சம் எதுவும் மறுபடி போய் ஒட்டி, இது எங்க கூடுன்னு அவ சொல்லப்பிடாதுன்னு, மறுநாளு சிமென்டு குழைச்சுப் பொந்த அடைச்சுட்டேன். சுத்தமா வேலைய முடிச்சேன்.

அம்மைக்கு உடுப்பு எடுக்கப் பியூலா வந்தா. வேலிக்கு அந்தப்பக்கம் மரத்தப் பாத்துட்டு நின்னா. எவ்வளவு நேரம் நின்னாளோ. நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன், எனக்க பெஞ்சாதியும் இருந்தா. வந்தா. சண்டை பிடிக்கல.

"எந்தப் பெட்டியில வச்சிருக்கிய சித்தப்பா?"ன்னு கேட்டா.

"எனக்க பெட்டியில"ன்னேன்.

"செத்த பெட்டியா?"

"நல்ல பெட்டி."

போனா. கொஞ்சத்துல ஒரு புதுப் பெட்டியத் தலையில சுமந்துட்டு வந்து இங்கன, இந்தப் படியில வச்சா. பிரிஞ்சு வந்தா வைக்கதுக்குன்னு செய்து வச்சிருந்திருக்கா. "எடுத்தது எடுத்தாச்சு. உங்களுக்கே இருக்கட்டும். ஆனா இதுல மாத்துங்க. அதுல இருந்தா சாகும். ஊருல இது ஒண்ணுதான் மிச்சம் சித்தப்பா"ன்னா. கைய எடுத்துக் கும்பிட்டா சாறே. எனக்கு விளங்கிட்டு. அவளுக்க பெட்டியில வச்சா நாளைக்கு, பெட்டி எனக்கு, கூடும் எனக்குன்னு சொல்லுவா. நானா ஏமாறுவேன்? "வேலையப் பாத்துட்டுப் போட்டி"ன்னேன். போயிட்டா. அந்தப் பெட்டி இப்ப நமக்குக் கோழிக்கூடு. நல்ல பலகைதான்.

பிறகு என்ன, ரெண்டு வாரம் நல்லா இருந்துது. அப்புறம் புழு வீங்கிச்சு. பையாச்சு. ஈ எல்லாம் வெளிய பறந்து போய்க் கொப்புல தொங்கும். இறக்க இல்லாத ராணி எங்க போகும்? வரலன்னதும் எல்லாம் திரும்பி வரும். மறுநாளும் போகும், திரும்பி வரும். அத விட்டுப் போகவும் மாட்டாம, இருக்கவும் மாட்டாம. பாத்தா வேடிக்கையா இருக்கும். ஒருநாள் தகரத்த எடுத்துப் பாத்தேன், ராணி தானா நடந்து வந்து வாசல்ல இருந்து மண்ணுல விழுந்துது. உள்ளங்கை அளவுதான் ஈ மிச்சம், அதச் சுத்தி வந்து மண்ணுலயே உக்காந்துது. நான் குனியதுக்குள்ள கோழி வந்து ராணியக் கொத்திட்டுப் போச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துது. அவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சது, ஒரு கோழி வாயில.

அவளுக்க கண்ணு சாறே. அன்னைக்கு எனக்க பெட்டியப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. 'சாகும்'னு வாயால வேற சொன்னா. சொன்னது பலிச்சுலா? உள்ள ஒரு விஷம் இல்லாம ஒருத்தி சொன்னா பலிக்குமா? அதத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இவ சொன்னது நடக்கும். உங்க அக்கா மகன் மேல ஒருநாள் கோவத்துல இவ ஒரு வார்த்த சொல்லிட்டான்னு வையுங்க.

இந்த ஊருல பிறகு மூணு நாலு வருஷம் தேன் கிடையாது. மேல வீட்டுக்காரன் பெட்டிய வித்துட்டுக் கேரளாவுல கூலி வேலைக்குப் போயிட்டான். ஊர்க்காரங்க என்னைய ஒரு மாதிரிப் பாத்தாவ. நான் என்ன செய்தேன்? சீக்கு வந்துது, செத்துது. பிறகு எங்கேயோ மலங்காட்டுல இருந்து அவதான் கூடு கொண்டு வந்து மறுபடி பெட்டி வச்சிருக்கா. இப்ப ஊருல பாதிப் பேருக்கு அவ குடுத்த ஈதான். எனக்கும் ஒண்ணு குடுத்து விட்டா. நான் வாங்கல.

ரெத்தினபாய்க்கு ஒரு பக்கம் வழங்காது. பேச்சும் குழறும். என்னையக் கண்டா முகத்தத் திருப்பும், அது மட்டும் தெளிவாச் செய்வா.

இல்ல, நீங்க மொத ஆளு இல்ல. போன வருஷம் தக்கலையில இருந்து ஒரு குடும்பம் வந்தாவ. அதுக்கு முன்ன ஒரு நர்சுப் பையன், நல்ல பையன். எல்லாரும் மொதல்ல சித்தப்பன்கிட்டத்தான விசாரிப்பாவ, அதுதான முறை. எல்லாருக்கும் இதேதான் சொன்னேன், ஒரு வார்த்த கூட்டல, குறைக்கல. கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறினாவ. எனக்கு இதுல என்ன லாபம் சொல்லுங்க? அவ கல்யாணம் கெட்டிப் போனா அந்த விளை அவளோட போகும். எங்க அப்பன் வச்ச மரம் எவனோ ஒருத்தன் கையில. போகாட்டி, காலம் முடிஞ்சா எனக்க மகனுக்கு வரும், ரெத்தம் ரெத்தத்தோட சேரும். அது கர்த்தர் பாத்துக்கிடுத காரியம். அதுக்காகவா நான் சொல்லுதேன்? உங்க நல்லதுக்கில்லா.

என்ன, எழும்புதிய? இருங்க, இருங்க. அந்தா அவ வாறா. வேலிப் படலத் திறந்துட்டு வாறா பாருங்க. நீங்க ஒண்ணும் பேசண்டாம், நான் பாத்துக்கிடுதேன்.

என்ன பிள்ளே?

"சித்தப்பா, வந்தவரு அங்க வாறாரா இல்லியா? அம்மை காலையில இருந்து சீல மாத்திட்டு உக்காந்திருக்கா. வாறாருன்னா இருக்கட்டும். இல்லன்னா சொல்லுங்க, அவளுக்குச் சோறு குடுக்கணும்."

சாறே, நீங்க ஏன் தரையப் பாக்கிய? அவளப் பாருங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க. ஒரு கூச்சம் உண்டா? ஒரு பெண்ணு கேக்குத கேள்வியா இது? ...சரி. சரி. உங்களால சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். நானே சொல்லுதேன்.

ஏட்டி, இவரு அதுக்கு வந்தவரு இல்ல. ரப்பர் தடி விலை கேட்டு வந்தவராக்கும். நீ போய் உனக்க அம்மைக்குச் சோறு குடு.